வீட்டில் இருப்பவளுக்கு விசா எதற்கு?

சைகோன்
14 மார்ச் 1963

ஹமீதுன்னிசாவுக்கு உன் மச்சான் அபுல் ஹசன் ஸலாம் சொல்லி எழுதுவது.

உன் பெருநாள் கடிதம் கிடைத்தது. கடிதமா அது? வட்டிலப்பம் யார் செய்தது, யார் வந்து போனார்கள் என்று ஒரு செய்தி கிடையாது. ஒரே வரி. "நீங்கள் வர மாட்டீர்கள் என்றால் நான் அங்கே வருகிறேன்." முதல் தடவை வாசித்துவிட்டுச் சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாய். தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து கையில் தட்டுப்படுகிறது.

வரக்கூடாது என்று எனக்கு ஆசையா? போன ஆகஸ்டில் காரைக்கால் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஊரில் இருந்த நீ இந்தியாக்காரி ஆனாய். வெளியே இருந்த நான் பிரெஞ்சுக்காரனாகவே நின்றுவிட்டேன். ஒரே தெருவில் பிறந்த இரண்டு பேர், காகிதத்தில் இரண்டு நாடு. இப்போது உன்னைப் பார்க்க வர எனக்கு விசா வேண்டும். அதுகூடக் கிடைத்துவிடும் என்கிறார்கள். திரும்ப இந்த ஊருக்குள் விடுவார்களா என்பதற்குத்தான் யாரும் உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எங்கள் துணிக்கடைக்கு எதிர்க் கடையில் இருந்த கருப்பையா, தங்கை கல்யாணத்துக்கென்று போனவர், பதினோரு மாதமாக மதராஸில் உட்கார்ந்து விசாவுக்குக் காத்திருக்கிறார். அவர் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று. வேலையை விட்டுவிட்டு வெறுங்கையோடு உன் வீட்டில் வந்து உட்கார்ந்தால் மாமி ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்குத்தான் சோறு இறங்காது.

ஆகவே கஸ்தோன் ஐயாவிடம் போய்க் கேட்டேன். புதுச்சேரிக் கிறிஸ்தவர், சுங்க இலாகாவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தபாலாபீஸ் எதிரே மேசை போட்டு எல்லோருக்கும் மனு எழுதித் தருகிறார். "இத்தன வருஷத்துல உங்க ஆளுங்க ஒருத்தரும் பொஞ்சாதிய இங்க கூப்புட்டது கெடையாது முசியே. மொத ஆளு நீங்கதான்" என்றார். உனக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அம்மைக்கும் காலராவுக்கும் ஊசி போட்டு மஞ்சள் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். போட்டோ நாலு; தலையில் துணி இருக்கக் கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும். நான் இங்கே பொறுப்பேற்று ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அந்நிய ஆம்பிளை முன்னால் முக்காடு விலக்காதவள் என்று சொல்லிப் பார்த்தேன், காது விஷயத்தில் விதி அதுதானாம்.

நிஜமாகத்தான் சொன்னாயா ஹமீதா? கோபத்தில் எழுதியிருந்தால் அதையாவது எழுது. கேட்டு வைத்தவரையில் போதும் என்று இருந்துவிடுகிறேன்.

அபுல் ஹசன்

*

காரைக்கால்
6 ஏப்ரல் 1963

மச்சானுக்கு ஹமீதுன்னிசாவின் ஸலாம், அதோடு கூட ஒரு சண்டையும்.

கோபத்தில்தான் எழுதினேன். கோபத்தில் எழுதினால் பொய்யாகிவிடுமா?

நமக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். நீங்கள் என்னோடு இருந்தது முதலில் எட்டு மாதம், பிறகு ஒரு மூன்று மாதம். கூடப் பிறந்த அக்தர் பானு ராத்தாவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து நாற்பது கழிந்த அன்று, அந்தப் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு எல்லோரும் என்னைப் பார்க்காமல் பேசினார்கள். நேரே பார்த்துக் கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பிள்ளை வேண்டும் மச்சான். அதை விட, தினம் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற ஒரு புருஷன் வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், தாளை அழுத்தித்தான் எழுதுகிறேன், தடவிப் பாருங்கள்.

உம்மா ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. பேசியபோது இதைத்தான் பேசினார்கள்: "நம்ம ஊருல பொண்ணுக்கு வீடு குடுத்து, மாப்புள தேடி வருவாரு. மாப்புளய தேடிக்கிட்டு கப்பல்ல ஏறுன பொண்ணு எந்த வீட்டுல இருக்கா? ஊரு சிரிக்கும்." சிரித்தால் சிரிக்கட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா என்றேன். மறுபடி ஒரு வாரம் பேசவில்லை.

போட்டோ எடுத்தாயிற்று. ஸ்டுடியோக்காரரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவர் மனைவி ஞானம்பாள் எடுத்தார். முக்காட்டை விலக்கினால் முடி கலைந்து கிடக்கிறது. முடியை வாரினால் காது முழுக்க அலுக்கத்து. ஞானம்பாள் கருவிக்குள் பார்த்துவிட்டு, "காது தெரியணும்னாங்க, ஒங்களுக்குக் காதே தெரியலியே, நகைதான் தெரியுது" என்கிறார். கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உள்ளே விடுவதென்றால் இப்படியே விடட்டும்.

ஊசி போட்ட இடம் வீங்கி மூன்று நாள் காய்ச்சல். பாஸ்போர்ட்டுக்குக் காக்கா சலாஹுதீன் புதுச்சேரிக்கு அலைந்துகொண்டிருக்கிறார். தங்கைக்காக அவர் இவ்வளவு அலைவது எனக்கே ஆச்சரியம். உங்கள் பங்குப் படிவத்தை ஒழுங்காக நிரப்பிக் கொடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கையில் வீக்கம் வடிந்துவிட்ட ஹமீதுன்னிசா

*

சைகோன்
20 ஜூன் 1963

ஹமீதா, இதை வாசிக்கும்போது உட்கார்ந்துகொள்.

மனு திரும்பி வந்துவிட்டது. தப்பு என்னுடையது.

படிவத்தில் "அழைப்பவரின் நிரந்தர வீடு" என்று ஒரு கட்டம். கஸ்தோன் ஐயா அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தார். ஒரு கட்டம்தானே என்று நானே நிரப்பினேன். எனக்கு ஏது வீடு? கடை மாடியில் ஆறு பாய், ஆறு பெட்டி, ஐந்து பேரின் குறட்டை. அது படுக்கிற இடம். வீடு என்றால் உன் வீடு ஒன்றுதான் எனக்குத் தெரியும். வாசல் எண், தெரு, காரைக்கால் எல்லாம் என் நல்ல கையெழுத்தில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டுக் கொடுத்தேன்.

வெளிநாட்டார் மனு வாங்கும் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மேசையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கள் வீடு காரைக்காலில் இருக்கிறது. உங்கள் மனைவி அந்த வீட்டிலேயே இருக்கிறார். வீட்டில் இருப்பவர் வீட்டுக்கு வர விசா எதற்கு?" என்று கேட்டார். நான் நம் ஊர் வழக்கத்தைச் சொல்லப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வியத்நாம் பாஷையில் முழம் இவ்வளவு, சாயம் போகாது என்பதற்கு மேல் வார்த்தை கிடையாது. பிரெஞ்சில் சொன்னேன். ஆம்பிளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பது என்றால் என்ன என்று பக்கத்து மேசைக்காரரும் எழுந்து வந்து கேட்டார். அவருக்கு அது பிடித்துப்போனது. மனுவில் மட்டும் நிராகரிப்பு முத்திரை விழுந்தது.

கஸ்தோன் ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் முசியே, நான் ஒரு நாள் படுத்தா ஒங்க குடும்பத்தயே கவுத்துட்டீங்களே" என்றார். மறுபடி மனுப் போடலாமாம். அதற்கு இந்த ஊரில் என் பெயரில் ஒரு வாடகை வீடு வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்தும் பேட்டை அதிகாரி முத்திரையும் வேண்டும். தன் வீட்டு விலாசத்தைப் போட்டுக்கொள்ளச் சொன்னார், நல்ல மனிதர். பொய் விலாசத்துக்கு உன்னை வரவழைக்க எனக்கு மனசில்லை.

வீடு பிடிக்கலாம். ஆனால் யோசித்துப் பார். என் வாப்பா எந்தக் காலத்தில் வீடு பிடித்தார்? எந்தப் பாத்திரம் வேண்டும், எந்தப் பக்கம் அடுப்பு வைப்பது என்று நம் வீட்டு ஆம்பிளைகளில் யாருக்குத் தெரியும்? இதை இந்த வருஷம் தள்ளி வைத்தால் என்ன என்று ஒரு எண்ணம் வருகிறது. திட்டாதே.

அபுல் ஹசன்

*

காரைக்கால்
10 ஜூலை 1963

மச்சானுக்கு ஸலாம். திட்டத்தான் போகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதேன். உங்கள் கடிதம் வந்தபோது உம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார்கள். நான் வேண்டுமென்றே அந்தக் கட்டத்தைப் பற்றிய இடத்தை மட்டும் வாசித்தேன். உம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். "சர்க்கார் காயிதத்துலயா எழுதுனாரு, நம்ம வீடுதான் தன் வீடுன்னு?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். கீழே கோடும் போட்டாராம் உம்மா என்றேன். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மிச்ச மீனையும் ஆய்ந்து முடித்து, கையைக் கழுவி வந்து சொன்னார்கள்: "இப்புடிப்பட்ட புள்ளய அங்க அஞ்சு பேரோட பாயில கெடக்க விட்டுட்டு நீ இங்க என்னடி பண்றே? கெளம்பு."

பார்த்தீர்களா, நாலு மாதமாக என் வாயால் முடியாதது உங்கள் தப்பால் முடிந்தது. இப்போது உம்மாதான் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள், என் மக சைகோனுக்குப் போகிறாள் என்று. இத்தனைக்கும் பிறகு தள்ளி வைக்கலாம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? ஆறு வருஷம் தள்ளியது போதாதா?

வீடு பிடியுங்கள். தெரியாதென்றால் கற்றுக்கொள்ளுங்கள். நான் மட்டும் கப்பல் ஏறிப் பழகியவளா? எனக்கு மாளிகை வேண்டாம். உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிற கதவு, காற்று வருகிற ஒரு ஜன்னல், பிறத்தியாரோடு சண்டை போடாமல் தண்ணீர் பிடிக்க ஒரு குழாய். மூன்றும் இருந்தால் போதும், மிச்சத்தை வந்து பார்த்துக்கொள்கிறேன். அம்மிக்கல்லைக் கப்பலில் ஏற்றலாமா என்று உம்மா கேட்கிறார்கள். அதை மட்டும் முடியாது என்றே எழுதுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

ஹமீதுன்னிசா

*

சைகோன்
29 செப்டம்பர் 1963

ஹமீதாவுக்கு, வீட்டுக்காரன் ஆகிவிட்ட அபுல் ஹசன் ஸலாம்.

ஆமாம், வீடு கிடைத்துவிட்டது. மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை. தாழ்ப்பாள் உண்டு, நானே எண்ணெய் போட்டேன். ஜன்னல் இரண்டு. குழாய் கீழே இருக்கிறது, வீட்டுக்காரம்மாவோடு பொது. சண்டை போடுவதும் போடாததும் உன் கையில்.

கிடைத்த கதையைக் கேள். ஏழு வீடு பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: தனி ஆம்பிளைக்கு வீடு இல்லை, மனைவி வந்த பிறகு வா. மனைவி வர வேண்டும் என்றால் வீடு வேண்டும், வீடு வேண்டும் என்றால் மனைவி வேண்டும். இதில் நான் எந்த முனையைப் பிடிப்பது? எட்டாவதுதான் இந்த வீடு. வீட்டுக்காரம்மாவை எல்லோரும் பா ஹை என்கிறார்கள். அறுபது வயது இருக்கும், தையல் வேலை, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். அவரும் மாட்டேன் என்றார். பையில் இருந்த உன் போட்டோவை எடுத்து நீட்டினேன். என் மனைவி, இவள்தான், வருவாள் என்றேன்.

அம்மா போட்டோவை வெளிச்சத்தில் பிடித்தார். தையல் ஊசியின் முனையால் உன் காதில் உள்ள வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒரு காதில் பதினொன்று. அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை துளை குத்திக்கொண்டு அழாமல் இருந்த பெண் சொன்னால் வருவாள். சாவியை எடுத்துக்கொள்" என்றார். கஸ்தோன் ஐயா கூட இருந்ததால் இந்த மொழிபெயர்ப்பில் தப்பு இருக்க வழியில்லை. நீ கழற்ற மாட்டேன் என்று நின்றது நல்லதாய்ப் போயிற்று.

அறைத் தோழர்கள் என்னைப் படுத்துகிற பாடு தாங்கவில்லை. "அபுல் ஹசன் வீட்டுக்கு மாப்புள வர்றாங்க" என்று பாட்டுக் கட்டிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்கள்தான். நான் வாங்கிய சட்டி அடுப்புக்குப் பெரிது, மூடி சட்டிக்குச் சிறிது. முதல் நாள் வடித்த சோற்றைப் பா ஹை வாத்துக்குப் போட்டார். வாத்தும் யோசித்துத்தான் தின்றது. ஆனால் ஹமீதா, சாயங்காலம் சாவியைத் திருப்பி உள்ளே வரும்போது ஒரு சந்தோஷம் வருகிறது, அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எனக்கு இது புதிது.

மனு மறுபடி கொடுத்தாயிற்று. அந்தக் கட்டத்தை இந்தத் தடவை கஸ்தோன் ஐயாவே நிரப்பினார். பேனாவை என் கையில் தரவே இல்லை.

அம்மிக்கல் முடியாது என்று மாமியிடம் சொல்.

அபுல் ஹசன்

*

காரைக்கால்
19 நவம்பர் 1963

மச்சான்,

ரேடியோவில் கேட்டோம். சைகோனில் துப்பாக்கிச் சண்டை, ஆட்சி மாறிவிட்டது, தெருவில் டாங்கி என்கிறார்கள். நடந்தது ஒன்றாம் தேதி என்கிறார்கள். இன்று பத்தொன்பது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார். உம்மா யாசீன் ஓதிக்கொண்டே இருக்கிறார்கள். காக்கா தினம் தந்தி ஆபீசில் போய் நிற்கிறார். நான் ஒன்றும் செய்யவில்லை. சமைக்கிறேன், துவைக்கிறேன், துவைத்ததையே மறுபடி துவைக்கிறேன்.

விசா வேண்டாம். வீடு வேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். நான்தான் உங்களைப் பத்திரமான கடை மாடியிலிருந்து கிளப்பி ஏதோ சந்தில் குடி வைத்தேன் என்ற நினைப்பு என்னைத் தின்கிறது.

எழுதுங்கள்.

ஹமீதா

*

சைகோன்
4 டிசம்பர் 1963

ஹமீதா, உயிரோடு இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன். முதலில் இதை மாமியிடம் வாசித்துக் காட்டிவிட்டு, மிச்சத்தை நீ தனியாக வாசி.

போன மாதம் ஐந்தாம் தேதியே ஒரு கடிதம் போட்டேன். அது எங்கே கிடக்கிறதோ. சண்டை தொடங்கிய அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுது பள்ளியைவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினேன், வெடிச் சத்தம் கேட்டது. ஓடி வீட்டுக்கு வந்தேன். கடை மாடிக்கு அல்ல, வீட்டுக்கு. கால் தானாக இந்தப் பக்கம் திரும்பியது. இரவும் மறுநாள் காலையும் மாடிப்படிக்குக் கீழே நான், பா ஹை, அவருடைய நாலு வாத்து. வாத்துக்கள்தான் ரொம்பப் பயந்தன. கடை மாடியில் ஜன்னல் கண்ணாடி முழுக்க நொறுங்கிவிட்டது, நான் படுத்திருந்த பக்கம். தோழர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆக, என்னைக் கிளப்பியதற்கு நீ வருத்தப்பட வேண்டாம்.

இப்போது விசா. அலுவலகத்தில் மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள். மனு தொலைந்திருக்கும் என்றே நினைத்தேன். போன வாரம் கூப்பிட்டார்கள். புது அதிகாரி, வயது குறைந்தவர், தூக்கமில்லாத கண். ரொம்ப நேரம் உன் போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊர்க்காரர்களே வெளியே போக விசா கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் மனைவி உள்ளே வரக் கேட்கிறார். இங்கே நடப்பது அவருக்குத் தெரியுமா?" என்றார். ரேடியோ கேட்பாள் என்றேன். "பிறகும் வருவாரா?" என்றார்.

அவள் பிடிவாதக்காரி என்று மட்டும் சொன்னேன். அவர் முதல் தடவையாகச் சிரித்து, முத்திரை போட்டார். மூன்று மாதம். பிறகு கேட்டால் நீட்டித் தருவார்களாம். தில்லிக்குத் தகவல் போய்விட்டது, உன் பாஸ்போர்ட்டை அங்கே அனுப்பினால் முத்திரை வைத்து வரும்.

அவர் கேட்டதை நானும் உன்னிடம் கேட்கிறேன். பயமாக இருந்தால் வராதே. நிஜமாகச் சொல்கிறேன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதையும் மறைக்க மாட்டேன். இரண்டையும் எழுதிவிட்டேன், இனி உன் இஷ்டம்.

அபுல் ஹசன்

*

சிங்கப்பூர்
24 பிப்ரவரி 1964

மச்சானுக்கு ஸலாம். நீங்கள் எழுதிய இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிங்கப்பூர் வரை வந்துவிட்டேன்.

பயம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். நாகப்பட்டினத்தில் கப்பல் கிளம்பியபோது கரையைப் பார்த்து அப்படி ஒரு அழுகை. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு கிளம்பியதால் உம்மா கட்டிக் கொடுத்த பலகாரம் இருந்தது. அதைத் தின்றுகொண்டே அழுதேன். ஆனால் எங்கே பயப்படுவது என்று யோசித்தேன். அங்கே இருந்து ரேடியோ கேட்டுப் பயப்படுவதற்கு, உங்கள் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பயப்படலாம். துணைக்கு வாத்தும் இருக்கிறது.

காக்கா இதுவரை கூட வந்தார். இனி சைகோன் கப்பலில் காரைக்கால்காரர் ஒருவர் தன் தாயாரோடு வருகிறார், காக்கா என்னை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்.

இன்று கப்பல் கம்பெனி ஆபீசில் இறங்கும் ஊருக்கான அட்டை நிரப்பினார்கள். எழுத்தர் தமிழர், மாயவரத்துப் பக்கம். நல்ல பையன், நான் சொல்லச் சொல்ல எழுதினார். பெயர், பிறந்த ஊர், ஊசி போட்ட தேதி எல்லாம் சரியாகப் போயிற்று. வருகையின் நோக்கம் என்ன என்றார். என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். வியாபாரம், சுற்றிப் பார்த்தல், உறவினரைப் பார்த்தல், மருத்துவம் என்று வாசித்தார். "ஒறவுக்காரங்கன்னு போட்டுடட்டுமாக்கா?" என்றார்.

வேண்டாம் என்றேன். ஆறு வருஷமாக நீங்கள் என்னை வந்து பார்த்தீர்கள், போனீர்கள். பார்த்தது போதும். குடித்தனம் என்று எழுதுங்கள் தம்பி என்றேன். அப்படி ஒன்று இதில் கிடையாதே என்றார். இடம் இருக்கிறதல்லவா, ஓரத்தில் எழுதுங்கள் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காக்கா வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிரெஞ்சில் ஏதோ எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, அர்த்தமும் சொன்னார்: கணவனோடு வாழ. அதுதான், அதையே வையுங்கள் என்றேன்.

எத்தனை நாள் என்ற கட்டத்தில் மூன்று மாதம் என்று போட்டார். அதை நான் தடுக்கவில்லை. சர்க்காருக்குத் தெரிந்ததைச் சர்க்கார் எழுதட்டும்.

கப்பல் அடுத்த வியாழக்கிழமை, மார்ச் ஐந்தாம் தேதி காலையில் சைகோன் வந்து சேரும் என்கிறார்கள். இந்தக் கடிதம் விமானத்தில் எனக்கு முன்னால் வந்துவிடும். கடையில் ஒரு நாள் லீவு சொல்லுங்கள். துறைமுகத்துக்குக் கிளம்பும் முன்னால் சோறு வடித்து மூடி வைத்துவிட்டு வாருங்கள். குழைந்திருந்தாலும் பரவாயில்லை. நான் பசியோடுதான் வருவேன்.

ஹமீதுன்னிசா